வயிறு ஆபரேஷனுக்குப் பின் வலி: முதுகில் குழாயா, வயிற்றில் ஊசியா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 63 வயது, மஞ்சளும் வாழையும் போடுகிற விவசாயி. இரைப்பையில் புற்றுநோய். நான்கு தடவை கீமோ முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் கோயமுத்தூரில் ஆபரேஷன். வயிற்றை நடுவில் திறந்துதான் செய்ய வேண்டுமாம். வலிக்கு முதுகில் எபிடியூரல் குழாய் வைக்கலாம், இல்லாவிட்டால் ஸ்கேன் பார்த்து வயிற்றுப் பக்கவாட்டில் நரம்பு மரக்கிற ஊசி போடலாம் என்றார்கள். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலிதான், கால் விளங்காமல் போனாலும் போகும் என்று பெரியப்பா பயமுறுத்துகிறார். சத்தியமங்கலத்தில் ஓர் உறவினருக்குக் கணையப் புற்றுநோய்க்கு நரம்பையே கருக்கும் ஊசி போட்டார்கள். அதையே அப்பாவுக்கும் போடலாமா? மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். கீமோவுக்கு அப்புறம் பாதம் மரமரவென்று இருக்கிறது என்கிறார். எடை 48 கிலோ. இந்த ஊசிகளால் புற்றுநோய் திரும்ப வராது என்றும் படித்தேன். எதை நம்புவது?

பதில்: அன்புள்ள அம்மணிக்கு,

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். மேல் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு வலியை நன்றாக அடக்குவது எபிடியூரல்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதைப் போட மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: க்ளோபிடோக்ரெல் முறைப்படி நின்றிருக்க வேண்டும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் போதுமான அளவு இருக்க வேண்டும், ஆபரேஷன் முடிந்த இரவில் அந்தக் குழாயைக் கவனிக்கத் தெரிந்த ஆள் வார்டில் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நான் வயிற்றுச் சுவர் ஊசிக்குத்தான் போவேன். அதில் வலி நிவாரணம் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறையை வேறு மருந்தால் ஈடுகட்ட வழி இருக்கிறது.

இப்போது காரணம். வயிறு ஆபரேஷனில் வலி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, கத்தி பட்ட தோல், தசை, வயிற்றின் உட்புற உறை. இது சுருக்கென்று குத்துகிற வலி. இருமினால், எழுந்து உட்கார்ந்தால் உயிர் போகும். இன்னொன்று, உள்ளே இரைப்பையையும் குடலையும் தொட்டு, இழுத்து, வெட்டி, தைத்ததால் வரும் ஆழமான வலி. அது இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. குமட்டலும் கூடவே வரும். இரண்டும் வேறு வேறு நரம்புகள் வழியாகப் போகின்றன. வயிற்றுச் சுவரின் வலியைக் கொண்டுபோவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பிலிருந்து விலா ஓரமாக வளைந்து வரும் நரம்புகள். மேல் வயிற்றுக்கு 6, 7, 8, 9-ஆம் நரம்புகள், தொப்புளுக்குப் 10-ஆம் நரம்பு என்று கணக்கு. உள்ளுறுப்பு வலி தனிப்பாதை. இரைப்பைக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும் நரம்புப் பின்னல் வழியாக முதுகுத் தண்டுக்குப் போகிறது.

எபிடியூரல் என்பது முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே இருக்கும் மெல்லிய இடைவெளியில் ஒரு நூல் போன்ற குழாயை வைத்து, மரக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. இரண்டு பாதைகளும் அந்த இடத்தைக் கடந்துதான் போகின்றன என்பதால் இரண்டு வலியும் அங்கே அடங்குகிறது. கொடிவேரித் தண்ணீர் பாய்கிற ஊர்க்காரரான உங்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: வாய்க்கால் தலைப்பிலேயே ஷட்டரை இறக்குவது எபிடியூரல், வயல் வயலாகப் போய் மடையை அடைப்பது வயிற்றுச் சுவர் ஊசி.

பெரியப்பா நினைக்கிற இடுப்பு ஊசி இதுவல்ல. உங்கள் அப்பாவுக்குக் குழாய் போடும் இடம், தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே, நடு முதுகில். விழித்திருக்கும்போதே உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு குனியச் சொல்வார்கள். முதலில் தோலை மரக்கச் செய்வார்கள், அப்புறம் ஊசி. மயக்கம் கொடுத்த பிறகு போடக் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். அந்த உயரத்தில் முதுகுத் தண்டு அருகிலேயே இருக்கிறது. ஊசி நரம்பைத் தொட்டால் ஷாக் அடித்தது போல இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல அவர் விழித்திருக்க வேண்டும். "அசையாமல் இருங்க, ஷாக் மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க" என்று சொல்வது அதற்குத்தான்.

ஊசி குத்திய இடம் சில நாள் கன்றியது போல வலிக்கலாம். ஆயுசு முழுக்க முதுகு வலி வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிரசவத்தில் எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நீண்டநாள் முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. கால் விளங்காமல் போவது பற்றிய பயத்தை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். பிரிட்டனில் மயக்க மருத்துவர்களின் ராயல் காலேஜ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுத் தண்டைச் சுற்றிப் போடும் எல்லா வகை ஊசிகளிலும் 7 லட்சத்துக்கு மேற்பட்டவற்றைக் கணக்கெடுத்தார்கள். எவ்வளவு கடுமையாக எண்ணினாலும், நிரந்தர பாதிப்பு லட்சத்துக்கு 5-க்கும் கீழேதான் வந்தது. ஆனால் பெரிய ஆபரேஷன்களுக்காகப் போடும் எபிடியூரலில் அந்த ஆபத்து சராசரியைவிடக் கூடுதல் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அபூர்வம்தான், ஆனாலும் இருக்கிறது. அந்த ஆபத்தில் முக்கியமானது, குழாய் இருக்கும் இடத்தில் ரத்தம் கட்டி முதுகுத் தண்டை அழுத்துவது. உங்கள் அப்பாவின் மாத்திரை அங்கேதான் பிரச்சினையாகிறது.

க்ளோபிடோக்ரெல் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்யும் மருந்து. எபிடியூரல் போட வேண்டுமென்றால் 5 முதல் 7 நாள் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் இருக்கும் இதயம் அது. இதய மருத்துவரிடம் போய், என்ன ஸ்டென்ட், எப்போது வைத்தது, இதை நிறுத்திவிட்டு அந்த நாட்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் தனியாக இருந்தால் எபிடியூரலுக்குத் தடையில்லை. கீமோவால் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம் என்பதால் ஆபரேஷனுக்குச் சற்று முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனை வேண்டும். எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. ஆபரேஷனுக்கு அப்புறம் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்க எனாக்ஸாபாரின் ஊசி போடுவார்கள். முதுகுக் குழாயை எடுப்பதென்றால் அந்தத் தடுப்பு ஊசி போட்டு 12 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். எடுத்த பிறகு அடுத்த ஊசிக்கு 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குழாயை எடுக்கும் நேரம், போடும் நேரம் அளவுக்கே முக்கியம். குழாய் எடுத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் அசந்துவிடுகிற நேரமும் அதுதான்.

பாதத்தில் மரமரப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மிக நல்ல காரியம் செய்தீர்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கு இப்போது பரவலாகக் கொடுக்கும் கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் இருக்கிறது. பாத நரம்புகளைத் தொடும் மருந்து அது. நிறுத்திய பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். இதனால் எபிடியூரல் போடவே கூடாது என்றில்லை. ஆனால் ஊசிக்கு முன்பே, எந்த விரல் வரை உணர்ச்சி குறைவு, காலைத் தூக்கும் பலம் எப்படி என்று பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால், ஆபரேஷன் முடிந்த இரவில் "கால் மரத்திருக்குங்க" என்று அவர் சொல்லும்போது அது பழையதா, புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. நடு முதுகில் சரியாக வைத்த குழாயிலிருந்து போகும் லேசான மருந்து காலை அசைக்க முடியாமல் செய்யக் கூடாது. கால் கனத்தாலோ தூக்க முடியாமல் போனாலோ மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். பலம் திரும்பாவிட்டால் அன்று இரவே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ரத்தக்கட்டு என்றால் 8 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கினால்தான் கால் மீள நல்ல வாய்ப்பு. காலையில் பெரிய டாக்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் படுத்திருக்கப் போவது நீங்கள்தான், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எபிடியூரலுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். சிறுநீர்க் குழாய் கூடுதல் நாள் இருக்க நேரலாம். குழாய் நழுவி, ஒரு பக்கம் மட்டும் மரப்பதும் உண்டு. அப்படிச் சரியாக வேலை செய்யாத எபிடியூரல் அபூர்வமல்ல. ஆனால் நன்றாக வேலை செய்தால் அதன் பலன் நுரையீரலில் தெரியும். 2002-இல் வெளியான, 915 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் எபிடியூரல் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. ஆனால் முதல் மூன்று நாள் வலி குறைந்தது, மூச்சுத் திணறிப் போவதும் குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு முன்பு பீடிப் பழக்கம் இருந்திருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே எபிடியூரலுக்கு முயற்சி செய்வது தகும்.

சரி, அது முடியாமல் போனால்? வயிற்றுச் சுவர் ஊசிகளில் பல வகை இருக்கின்றன. பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். பிளாக் என்றால் நரம்பை மரக்கச் செய்வது. டாப் பிளாக் என்பது 2001-இல் வந்தது. வயிற்றின் பக்கவாட்டில் மூன்று அடுக்குத் தசை இருக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நரம்புகள் ஓடுகின்றன. அங்கே மருந்தை விடுகிறோம். ஸ்கேன் திரையில் ஊசி முனை போய் நின்றதும், மருந்து இறங்க இறங்க இரண்டு அடுக்கும் கறுப்பாகப் பிரிந்து விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். பிரியாமல் தசை மட்டும் உப்பினால் இடம் தவறு, ஊசியை நகர்த்த வேண்டும்.

இதில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இடுப்பு எலும்புக்கு மேலே பக்கவாட்டில் போடும் வழக்கமான டாப் பிளாக் பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழேதான் மரக்கச் செய்யும். குடலிறக்கத்துக்கும் சிசேரியனுக்கும் அது நல்லது. உங்கள் அப்பாவின் வெட்டு மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரை. அவருக்கு விலா எலும்பின் ஓரத்தை ஒட்டிப் போடும் டாப் பிளாக் வேண்டும், அல்லது ரெக்டஸ் உறை பிளாக் வேண்டும். ரெக்டஸ் என்பது வயிற்றின் நடுவில் செங்குத்தாக இரண்டு பக்கமும் ஓடும் தசை. அதன் பின்புற உறைக்குள் மருந்து போனால் நடுக்கோட்டு வெட்டு நன்றாக மரக்கும். நடு வெட்டுக்கு என் கை முதலில் போவது அதற்குத்தான். அறுவை மருத்துவரே வயிற்றை மூடும் முன் இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் வைத்துவிட முடியும், அதன் வழியாக இரண்டு மூன்று நாள் மருந்து கொடுக்கலாம். இந்த ஊசிகள் மேலோட்டமான இடத்தில் போடுபவை, ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்கலாம். அதனால் க்ளோபிடோக்ரெல் சரியாக நிற்காதவர்களுக்கும் இவற்றைத் தைரியமாக யோசிக்கலாம். ரத்த அழுத்தமும் எபிடியூரல் அளவுக்கு இறங்காது.

இவற்றின் குறை, உள் வலியைத் தொடாது. அதற்கு மார்ஃபின் அல்லது ஃபென்டனில் போன்ற வலுவான வலி மருந்து தேவைப்படும். இன்னொரு குறை, ஒரே தடவை போட்ட ஊசி பெரும்பாலும் அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள். மதியம் ஆபரேஷன் முடிந்து, சாயங்காலம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் நடுராத்திரி இரண்டு மணிக்கு வலியில் துடிப்பார். ஊசியின் வேகம் குறையும் நேரத்துக்கு முன்பே அடுத்த வலி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். இதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக், எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்று இரண்டு பெயர் காதில் விழலாம். முதலாவது 2007-இல் வந்தது, முதுகுப் பக்கத் தசையை ஒட்டிப் போடுவது. மருந்து முதுகெலும்பு ஓரம் வரை பரவினால் உள் வலியும் கொஞ்சம் குறையும். ஆனால் சில சமயம் தொடை பலவீனமாகும், ஆழமான இடம் என்பதால் ரத்தக் கசிவு விஷயத்தில் எபிடியூரல் போலவே எச்சரிக்கை வேண்டும். இரண்டாவது 2016-இல் வந்தது, போடுவது எளிது, ஆனால் மருந்து எவ்வளவு தூரம் பரவும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்கள் மருத்துவர் இவற்றில் கைதேர்ந்தவர் என்றால் மறுக்காதீர்கள். நன்றாகப் பழகிய கை போடும் ஊசி, பழகாத கை போடும் சிறந்த ஊசியைவிட மேல்.

முதுகுத் தண்டு நீரில் ஒரே தடவை மிகச் சிறிய அளவு மார்ஃபின் போடுவதும் ஒரு வழி. ஒரு நாள் வரை தாங்கும். அரிப்பு வரும், மூச்சு மெதுவாகிவிடக்கூடும் என்பதால் இரவு முழுக்க மூச்சை எண்ண வேண்டும். முதுகில் போடும் ஊசி என்பதால் க்ளோபிடோக்ரெல் விதி இதற்கும் உண்டு.

எடையைச் சொன்னது நல்லதாயிற்று. மரக்கும் மருந்துக்கு உச்ச வரம்பு எடைக்கணக்கில்தான். பூபிவக்கேன் என்றால் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் 48 கிலோவுக்கு 96. பக்கத்துக்கு 20 மில்லி வீதம் 0.25 சதவீத மருந்து விட்டால் 100 மில்லிகிராம் ஆகிவிடுகிறது, வரம்பைத் தாண்டியாயிற்று. நீர்த்துப்போகச் செய்து கொடுக்க வேண்டும், அல்லது ரோபிவக்கேன் பயன்படுத்த வேண்டும். மயக்க மருத்துவர் இதைப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஆறு மாதத்துக்கு முந்தைய எடையைச் சொல்லிவிடாதீர்கள், அட்மிஷன் அன்று மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் குழாய் வழியாக மருந்து போகும்போது வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி மதமதப்பு என்று அப்பா சொன்னால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சத்தியமங்கலத்து உறவினருக்குப் போட்டது வேறு சிகிச்சை. அது புற்றுநோயே நரம்புப் பின்னலை அரித்துத் தரும் தீராத வலிக்கு, ஆல்கஹால் விட்டு அந்தப் பின்னலைச் செயலிழக்கச் செய்வது. ஆபரேஷன் வலி சில நாளில் ஆறிவிடும். அதற்காக நரம்பை அழிக்க யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஊசிகளால் புற்றுநோய் திரும்பாது என்பதை நம்ப வேண்டாம். ஆசை எல்லோருக்கும் இருந்தது, எங்களுக்கும்தான். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் செய்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், நரம்பு பிளாக் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. வயிற்றுப் புற்றுநோயிலும் அப்படி ஒரு பலன் நிரூபணமாகவில்லை. வலி குறைந்தால் சீக்கிரம் எழுந்து நடப்பார், சாப்பிடுவார், மீதமுள்ள கீமோவுக்கு உடம்பு தேறும். வலி நிவாரணத்திடம் அவ்வளவு எதிர்பார்த்தால் போதும்.

ஊசி எதுவானாலும், அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறை ஒன்றுதான். நம் பக்கத்துப் பெரியவர்களிடம் "வலி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால் வரும் பதில் "பரவால்லீங்க". கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கால் விரலை மடக்கிக்கொண்டு, மேல்மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டு "பரவால்லீங்க" என்பார்கள். நர்ஸும் அதைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். அப்படியே இரண்டு நாள் போனால் சளி இறங்கி நிமோனியா. அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லை என்பதால் பலனில்லை. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நன்றாக இருமச் சொல்லுங்கள். இரும முடிந்தால் ஊசி வேலை செய்கிறது. பாதி இருமலில் நிறுத்தி முகத்தைச் சுளித்தால் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு, அந்த எண்ணை நீங்களே நர்ஸிடம் சொல்லுங்கள். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்பார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இப்போதே வாங்கி வீட்டில் பழக்குங்கள்.

மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவாரோ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் கொடுப்பதால் அடிமையாவது அரிது. மயக்கமும் மலச்சிக்கலும்தான் அதன் உண்மையான தொல்லை. அதைக் குறைக்கத்தான் ஊசியோடு பாராசிட்டமாலையும் நேரம் தவறாமல் கொடுப்பது.

வீட்டுக்கு வந்த பிறகும் பாராசிட்டமால் மாத்திரை சில நாள் தொடரும். 48 கிலோ உடம்புக்கு ஒரு தடவைக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, அதற்கு மேல் வேண்டாம். வலி அடங்கவில்லை என்றால் ஊரில் டைக்லோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். சிறுநீரகத்துக்கும், உள்ளே புதிதாகத் தைத்த இணைப்புக்கும், க்ளோபிடோக்ரெல் மறுபடி ஆரம்பித்திருந்தால் ரத்தக் கசிவுக்கும் அது ஆபத்து. ஆபரேஷன் செய்த இடத்துக்கே போன் பண்ணிக் கேளுங்கள். வெட்டுத் தழும்பில் மூன்று மாதம் கழிந்தும் எரிச்சலோ, துணி பட்டாலே சுரீரென்ற வலியோ இருந்தால், அது நரம்பு வலி. அதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.